பென்சில் படாத பிளேட்

நேற்று நான் ஓய்வு பெற்றதற்கு மாலை போட்டு, கேசரியும் காராபூந்தியும் கொடுத்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பி வைத்தீர்கள். சந்தோஷம். கூடவே சட்டம் போட்ட என் படம் ஒன்றையும் கையில் கொடுத்தீர்கள். அதில்தான் தகராறு. இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் அதை வைத்துப் பார்த்தேன். யார் அந்தப் பெண்? கழுத்தில் மடிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே தொங்கல் இல்லை. வாயோரத்தில் பெயருக்குக்கூட ஒரு கோடு இல்லை. என் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, என் மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, என்னைத் தெரியாதவள் போலப் பார்க்கிறாள். படத்தைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டேன்.

கோடுகளை மறைத்த டச்சிங் சுத்தமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் வேறு எப்படிச் செய்வீர்கள்? வயதானவளை இளமையாக்கிக் கொடுப்பது மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பை அடியோடு புரட்டிப்போட்ட ஒரு படத்தைப் பற்றி இன்று சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம், அதை நினைத்தால் எனக்கு இன்னமும் பயம்தான்.

நான் சாந்தோம்காரி. அம்மா மீன் விற்றாள். கான்வென்டில் பூத்தையல் படித்ததால் என் கை நடுங்காது என்று லஸ் முனையில் ஸ்டூடியோ வைத்திருந்த முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூர்ப் பெண்கள் ஆண்கள் முன்னால் தலைநிமிர்ந்து உட்கார மாட்டார்கள். புடவைத் தலைப்பைச் சரிசெய்ய, முகவாயைத் தூக்கிவிட ஒரு பெண் வேண்டியிருந்தது. மீதி நேரத்தில் டச்சிங். அப்போது கண்ணாடி பிளேட்தான் நெகடிவ். சுருக்கம் பிளேட்டில் தெளிந்த கோடாக நிற்கும். ஊசியாகச் சீவிய பென்சிலால் அதை அடைத்தால் காகிதத்தில் சுருக்கம் போய்விடும். வயதைக் கூட்ட வேண்டுமென்றால் சின்னக் கத்தியால் சுரண்ட வேண்டும். கூட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கத்தி துருப்பிடித்துக் கிடந்தது.

எங்களுக்கு வருஷம் தவறாமல் வரும் வாடிக்கைக்காரி ஒருத்தி இருந்தாள். அம்புஜம் அம்மாள். வீணை சொல்லிக் கொடுப்பவள். அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் புது வீடு, கணவர் வக்கீல். பொங்கல் முடிந்ததும் ஜட்காவில் வந்து இறங்குவாள். பாட்டில் சாயம் போட்டுக் கறுகறுவென்று வாரிய கூந்தல், வைரத்தோடு, நிமிர்ந்த முதுகு. உட்காருவதற்கு முன்னாலேயே உத்தரவு வந்துவிடும்.

"ஞானம், போன வருஷத்துப் படத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கோ. அதுல இருக்கற மாதிரியே இருக்கணும், தெரியறதா?"

நானும் வைத்துக்கொள்வேன். போன வருஷப் படத்தைப் பார்த்து இந்த வருஷ முகத்தைச் சரிசெய்வேன். போன வருஷப் படமோ அதற்கு முந்தைய வருஷத்தைப் பார்த்துச் சரிசெய்தது. எனக்கு முன்னால் டச்சிங் செய்தவரும் அதையே செய்திருந்தார். இப்படியே பின்னோக்கிப் போனால் எங்கோ ஒரு முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் போய் நிற்கும். அவளைத்தான் நாங்கள் வருஷா வருஷம் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டதைக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் அவளுடைய அப்பா வந்தார். மாட வீதியில் குடியிருந்த பெரியவர். கைத்தடி, மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். மனைவி செத்து வெகுகாலமாகிறது, அவளுக்குப் படம் எதுவும் இல்லை, போட்டோ பிடித்தால் ஆயுள் குறையும் என்று கடைசிவரை உட்கார மறுத்துவிட்டாள், எனக்கோ நாள் நெருங்குகிறது, சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். இது அப்போது புது விஷயமில்லை. செத்தவருக்குப் படம் இல்லையென்றால் அவர் சாயலில் இருக்கும் சொந்தக்காரரை உட்கார வைத்து, அவருடைய துணிமணியைப் போட்டு எடுப்போம். சாயலில் குறைவதை நாங்கள் பிளேட்டில் கூட்டிக் கழித்துக்கொள்வோம்.

"என் பொண்ணு அப்படியே அவ அம்மாதான்" என்றார். "அவளை உக்கார வெக்கறேன். ஆனா தலைச்சாயத்தைக் கழுவிண்டுதான் உக்காரணும்."

அம்புஜம் அம்மாள் ஸ்டூடியோவில் வைத்தே மறுத்தாள். "அம்மாவுக்கு இவ்வளவு நரை ஏதுப்பா? காதோரம் ரெண்டு இழைதானே."

"பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

அவள் சரி என்று தலையாட்டினாள். புடவை மாற்றும் அறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா போன வயசு இப்போ எனக்கு நடக்கறதுடி ஞானம்." அவள் பயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா வந்து நின்ற இடத்தில் அவளும் வந்து நிற்கிறாள். அந்த வயதைத் தாண்டுவோமா என்று அவளுக்குச் சந்தேகம். அப்படிப்பட்டவளைச் செத்துப் போனவளாக வேஷம் கட்டச் சொல்கிறார்கள்.

சாயத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வந்த நாளை நான் மறக்க மாட்டேன். முக்காட்டை எடுத்தாள். தலை முழுக்க வெள்ளி. அம்மாவின் அரக்கு நிறப் புடவையை மடிசாராகக் கட்டி, அம்மாவின் பேசரியை மூக்கில் போட்டு, மேலே கண்ணாடிக்கூரை போட்ட எங்கள் அறைக்குள் வந்தாள். நல்ல பகல் வெளிச்சம். இருந்தும் சிலுவை போட்டுக்கொண்டேன். பெஞ்சில் இருந்த பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்று நானும் முதலாளியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, அம்பு" என்றார்.

மகளை அவர் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் அது. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஆனால் முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டார். அப்புறம் யோசிக்க நேரமில்லை.

பிளேட்டைக் கழுவிக் காயவைத்ததும் முதலாளி துருப்பிடித்த கத்தியைத் தேடியெடுத்துத் தீட்டிக் கொடுத்தார். "வயசு கொஞ்சம் கூட்டணும் ஞானம். கண்ணோரம், நெத்தி. ஆனா முதல்ல பிளேட்டைப் பாரு. அப்புறம் கத்தியை எடு." அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் உருப்படியானது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் கஞ்சத்தனம்.

பார்த்தேன். நெற்றியில் கோடு இருந்தது. கண்ணோரத்தில் விசிறியாக விரிந்திருந்தது. கழுத்து மடிப்பு, முகவாய்த் தொங்கல், எல்லாம் இருந்தன. கத்தி வைக்க இடமில்லை. இவ்வளவும் வருஷா வருஷம் நான் பென்சிலால் அடைத்த கோடுகள்தான். அவற்றை ஒவ்வொன்றாக என் கை அறியும். ஒன்றாகச் சேர்த்து ஒரு முகமாக நான் பார்த்ததே இல்லை. கத்தியைக் கீழே வைத்தேன். "ஒண்ணும் செய்யலையா?" என்றார் முதலாளி. "ஒண்ணும் வேணாங்க" என்றேன். அவரும் பார்த்துவிட்டு, பேசாமல் அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை எங்களுக்குப் பூ கொண்டுவருகிறவள் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்றாள். குளத்தங்கரை முனையில் கடை போடுகிறவள் அவள்.

"இன்னா ஞானம், உங்க கடைல செத்தவங்களையும் போட்டோ புடிக்கிறீங்களாமே?"

"யார்டீ சொன்னா?"

"யார் சொல்ணும்? நானே பார்த்தேன். வெளக்கு வெக்கிற நேரம், உங்க கடைலருந்து அந்த மாட வீதி பெரீம்மா ரிக்‌ஷாவுல குந்திக்கினு போய்க்கினு கீது! அதே அரக்குப் பொடவை. எத்தினி வருசம் நான் அவங்களுக்குப் பூ குட்த்துகீறேன், எனக்குத் தெரியாதா? என்னைப் பார்த்து சிரிச்சாங்க. கூடையைப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

பெரியவர் முன்னாலேயே போய்விட, பொழுது சாய்ந்ததும் புடவையை மாற்றாமலே அப்பா வீட்டுக்கு ரிக்‌ஷாவில் போயிருக்கிறாள் அம்புஜம் அம்மாள். தெரிந்த பூக்காரி என்று சிரித்திருக்கிறாள். நான் எவ்வளவு சொல்லியும் பூக்காரி நம்பவில்லை. வாரத்துக்குள் மாட வீதி முழுக்க இந்தப் பேச்சு பரவி, தியாகராய நகர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்த பொங்கலுக்கு அம்புஜம் அம்மாள் வரவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம், வெயில் கொளுத்தும் நேரத்தில், தானாக வந்து நின்றாள். தலையில் மறுபடி சாயம். ஆனால் பாதிதான் ஏறியிருந்தது. வகிட்டில் வெள்ளை தெரிந்தது. மெலிந்திருந்தாள்.

"அந்தப் பிளேட்டை என் கண் முன்னாடி உடை" என்றாள்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். படம் அப்பா வீட்டுக்கு வந்த அன்று மகள் கையால் முதல் மாலை போடட்டும் என்று உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். விளக்கேற்றி வைத்திருந்தது. மாலையை எடுத்துக்கொண்டு படத்துக்கு நேரே போயிருக்கிறாள். சட்டக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்திருக்கிறது. கிட்டப் போகப் போக, கண்ணாடியில் தெரிந்த முகம் படத்து முகத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு. எது உள்ளே இருப்பது, எது வெளியே இருப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

"என் மாலையை நானே போட்டுக்கப் பார்த்தேன்டி" என்றாள். "கீழ போட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் அந்தாத்துப் பக்கமே போகல. ஆத்துல இருக்கற கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடி வெச்சிருக்கேன். இப்போ அப்பா படுத்த படுக்கை. தெனம் ஆள் மேல ஆள் அனுப்பறார். வாசல்வரைக்கும் போறேன், உள்ள அது தொங்கிண்டிருக்குன்னு நெனச்சா கால் வரமாட்டேங்கறது. நீ கத்தியால கீறிக் கீறி அம்மா மூஞ்சியை என் மேல எழுதிட்டே. அதை எடுத்துடு. நான் அப்பாவைப் பார்க்கணும்."

முதலாளி அன்று வெளியே போயிருந்தார். கேட்க ஆளில்லை. 'ஆமாம், நான்தான் கீறினேன்' என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் பிளேட்டை உடைத்தால் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் இந்த நிலைமையில் என்ன ஆவாளோ. அப்பா அங்கே கண்ணை மூடும் நிலையில் இருக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்தபோது பொய் வரவில்லை. உடைத்தாலும் வீட்டுக் கண்ணாடிகள் அப்படியேதானே இருக்கும்?

அலமாரியிலிருந்து அவளுடைய பழைய பிளேட்டுகளை எல்லாம் இறக்கி ஜன்னலோரம் வரிசையாகச் சாய்த்தேன். பிளேட்டில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ் என்பது உங்களுக்குத் தெரியும். சாயம் போட்ட கறுப்புக் கூந்தல் அங்கே வெள்ளையாகத் தெரியும். வருஷா வருஷம் எடுத்த அத்தனை அம்புஜங்களும் கருத்த முகத்தோடு, பஞ்சாக வெளுத்த தலையோடு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் புதுப் பிளேட்டை வைத்தேன். அதில் மட்டும் கூந்தல் கறுப்பு. அவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சாய்ச்சுப் பாருங்கம்மா" என்று பழைய பிளேட் ஒன்றைக் கையில் கொடுத்தேன். பென்சில் பட்ட இடம் சாய்த்தால் பளபளக்கும். நெற்றி, கன்னம், கழுத்து என்று முகம் பூராவும் மின்னியது. "இதெல்லாம் எங்க கை."

பிறகு புதுப் பிளேட்டைக் கொடுத்தேன். சாய்த்தாள். மறுபக்கம் சாய்த்தாள். ஒரு மினுக்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை.

"நான் ஒண்ணும் எழுதலம்மா. நீங்க எப்படி உக்கார்ந்தீங்களோ அதுதான் இது."

அவள் அழவில்லை. பிளேட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நீயும் கூட வா" என்று எழுந்துவிட்டாள்.

மாட வீதி வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு வைத்திருந்தார்கள். கூடத்துக்குப் பக்கத்து அறையில் பெரியவர் படுத்திருந்தார். எதிர்ச்சுவரில் அந்தப் படம். அரை இருட்டில் வெள்ளித் தலையும் பேசரியும் மட்டும் தெரிந்தன. கட்டிலில் கிடப்பவரையே அந்த முகம் பார்த்துக்கொண்டிருந்தது. அம்புஜம் அம்மாள் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றுவிட்டாள். அப்புறம்தான் நான் கவனித்தேன். படத்துக்கு மாலை இல்லை. குங்குமம் இல்லை. கீழே விளக்கும் இல்லை. மாட்டி இத்தனை மாதமாகியும் ஒரு பூ வைத்த அடையாளம் இல்லை.

"ஏம்பா மாலை போடல?" என்றாள் அவள்.

பெரியவர் தலையைத் திருப்பினார். "உசிரோட இருக்கறவ படத்துக்கு எவனாவது மாலை போடுவானா? நீ அன்னிக்கு மாலையைத் தூக்கிண்டு வந்தப்பவே வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள ஓடிட்டே."

"அம்மா படம்னுதானே சொன்னேள்?"

"உங்கம்மாவைப் பார்க்க எனக்குப் படம் எதுக்குடி? கண்ணை மூடினா வரா. உன்னைத்தான் பார்க்க முடியல." மூச்சு வாங்கியது; நிறுத்தி நிறுத்திப் பேசினார். "வருஷா வருஷம் ஒரு படம் கொண்டுவந்து கொடுப்பே. யாரோ ஒருத்தி. நேர்ல வந்தாலும் சாயமும் பவுடருமா அதே ஒருத்தி. போறதுக்கு முன்னாடி என் பொண்ணு எப்படி இருக்கான்னு பார்க்கணும்னு ஆசை. உனக்காகன்னா நீ கழுவிண்டு வரமாட்டே. அம்மாவுக்காகன்னேன்."

"அம்மாவுக்கு இவ்வளவு நரை இல்லைன்னு சொன்னேனே..."

"இல்லைதான். அவளுக்கு நரைக்கறதுக்கு நாள் இருக்கலடி, அம்பு. உனக்கு இருக்கு."

அவள் போய்க் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்பது சரியில்லை.

பெரியவர் அந்த மாதமே போய்விட்டார். மகள் பக்கத்தில் இருந்தாள். காரியங்கள் எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது வாசலில் நின்ற எனக்கே ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. சாயம் இல்லை. தலை முழுக்க நரை. நடை மட்டும் அதே நிமிர்ந்த நடை.

"அந்தப் பழைய பிளேட்டையெல்லாம் எடு. நீங்க பூசினதை அழிக்க முடியுமா?"

முடியும். டர்பன்டைனில் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்தால் பென்சில் போய்விடும், முகம் போகாது. துடைத்தேன். ஒவ்வொன்றாக அச்சுப் போட்டு மேஜையில் பரப்பினேன். முப்பத்தெட்டில் ஒருத்தி, கண்ணுக்குக் கீழே லேசாக ஒரு நிழல். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, சிரிப்பில் ஆழமாக விழுந்த கோடு. அதற்கு அடுத்தவளுக்குக் கழுத்து தளரத் தொடங்கியிருந்தது. அம்மா போன வயதை நெருங்கிய வருஷத்தவளுக்கு நெற்றியில் ஒரு மடிப்பு புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. யாருமே பார்த்திராத பெண்கள். வருஷக்கணக்காக எங்கள் அலமாரியின் இருட்டில் பென்சிலுக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து மேஜைக்கு வந்ததுபோல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அம்புஜம் அம்மாளுக்குப் பயமே இல்லை. ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசிப் படத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் கண் கலங்கியது.

"இத்தனை வருஷமும் நன்னாத்தானேடி இருந்திருக்கேன், ஞானம்" என்றாள். "நான்தான் பார்க்கவே இல்ல."

அன்று புதிதாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் நான் பென்சிலைச் சீவ எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அம்மாவின் வயதைத் தாண்டி வெகுதூரம் வந்தாள் அவள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பிளேட்டுகளில் எதைச் சாய்த்தாலும் மினுங்காது.

நம்மிடம் வருகிறவர்கள் மறைக்கச் சொல்லித்தான் கேட்பார்கள். மறைத்துக் கொடுங்கள், அது நம் பிழைப்பு. ஆனால் கையில் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் பிளேட்டில் இருப்பது யார் என்று ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் பென்சில் படாத அச்சு ஒன்றும் சேர்த்து உறைக்குள் போட்டுக் கொடுங்கள். திருப்பி எறிகிறவர்கள் எறியட்டும். வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் விஷயம். இந்தப் படத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். என் கழுத்தும் என் கண்ணும் இத்தனை வருஷம் உங்கள் வேலையையும் என் வேலையையும் சுமந்த இடங்கள். எனக்கு அவற்றைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. டர்பன்டைன் கீழ்த்தட்டில் மூலையில் இருக்கிறது. என் நெகடிவை மெல்லத் துடையுங்கள், அழுத்த வேண்டாம்; புதிதாக ஒரு அச்சுப் போடுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.